நோட்டில் இல்லாத பெயர்

நம் ஊரிலிருந்து மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் வழியாகப் போனால் கள்ளக்குறிச்சி. அந்த ஊரில் 1978-இல் பிறந்த ஒருவர் வரைந்ததை நீங்கள் இன்று காலையிலேயே பார்த்திருப்பீர்கள். பால் பாக்கெட்டில் இருந்திருக்கும், மாத்திரை அட்டையில் இருந்திருக்கும், மின்கட்டண ரசீதில் இருந்திருக்கும். சட்டைப்பையில் உள்ள பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதிலும் இருக்கும். நம் ரூபாய்க்கான குறியீட்டைத்தான் சொல்கிறேன். அதை வரைந்தவர் உதயகுமார் தர்மலிங்கம்.

சென்ற வாரம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் வந்திருந்தவர்களிடம் இந்தக் குறியீட்டைப் போட்டது யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. ஒருவர், “ரிசர்வ் பாங்க் ஆளுங்க யாராவது போட்டிருப்பாங்க சார்” என்றார். இன்னொருவர் “ஐஐடி பையன் ஒருத்தன்” என்றார். மூன்றாமவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர். “அது திமுக எம்எல்ஏ மகன்தானே, போன வருஷமோ அதுக்கு முன்னாடியோ பேப்பர்ல வந்துதே” என்றார். பெயர் நினைவில் இல்லை, அப்பாவின் கட்சி நினைவில் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பதில்தான் காரணம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2009 மார்ச்சில் மத்திய நிதி அமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று பொதுப் போட்டி அறிவித்தது. டாலர், பவுண்டு, யென், யூரோ ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடு உண்டு. நமக்கு மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும். அதே சுருக்கத்தைப் பாகிஸ்தானும் இலங்கையும் நேபாளமும் எழுதிக்கொண்டிருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஐந்து கடைசிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். உரிமை முழுவதும் அரசாங்கத்துக்கு. 2010-ஆம் ஆண்டுக்குள்ளாகவே அது யூனிகோடில் ஏறிவிட்டது. 2011-இல் நாணயத்துக்கும் 2012-இல் நோட்டுக்கும் வந்தது. அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், இது அபார வேகம்.

வடிவமும் எளிமையானதுதான். தேவநாகரி ‘ர’ ஒரு பக்கம், ரோமன் ‘ஆர்’ எழுத்தில் நிமிர்ந்த காலை எடுத்துவிட்டது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாய் நிற்கின்றன. மேலே இணையாக இரண்டு கோடுகள். நடுவில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தால் மூவர்ணக் கொடி என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கங்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. எந்தச் சின்னத்துக்கும் பிறகு உட்கார்ந்து யோசித்தால் பத்து விளக்கம் சொல்லலாம். நான் பார்ப்பது வேறு. கையால் எழுத வருகிறதா, சின்னதாக அச்சிட்டால் மசி அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா, எட்ட இருந்து தெரிகிறதா? மூன்றிலும் தேறுகிறது. அவசரமாக எழுதினால் சிலர் கையில் அது 7 போல ஆகிவிடுகிறது என்பது ஒரு குறை. மளிகைக்கடைச் சீட்டில் 750-ஐ 7750 என்று படித்துவிட்டு என் மனைவி ஒருநாள் பதறிப்போனாள்.

உதயகுமார் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான் அதிகம் பேர் கவனிக்கவில்லை. போட்டியில் ஜெயித்த பையன் என்று சொன்னால் லாட்டரி விழுந்த மாதிரி இருக்கிறது. அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். 2001-இல் அதை முடித்து, மும்பை ஐஐடியில் உள்ள தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுகலைக்குச் சேர்ந்தார். இடையில் பத்திரிகை வடிவமைப்பில் வேலை பார்த்தார். மறுபடி அதே மையத்துக்கு ஆய்வு மாணவராகப் போனார். ஆய்வுப் பொருள் தமிழ் எழுத்தின் அச்சு வடிவம். ‘பராசக்தி’ என்று ஒரு தமிழ் எழுத்துருவும் செய்திருக்கிறார். பிறகு குவஹாத்தி ஐஐடியில் வடிவமைப்புத் துறை ஆசிரியர் வேலை. ஆக, பத்து வருடம் எழுத்துகளின் வளைவையும் நெளிவையும் பார்த்துக்கொண்டிருந்த கை அது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தற்செயல் உண்டு. அவர் பிறந்த அதே 1978-இல்தான் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் போட்டது. துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ முதலியவை போய், இன்று நாம் எழுதும் வடிவம் வந்தது. ‘ணா’, ‘றா’, ‘னா’ எல்லாம் மாறின. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். நாங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த மாற்றத்தைக் கையில் வாங்கியவர்கள். சுற்றறிக்கை வந்தபின்னும் தலைமை எழுத்தர் ஒருவர் ஓய்வு பெறும்வரை துதிக்கை போட்டே எழுதினார். எழுத்தின் உருவம் மாறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஒரு வளைவை மாற்றினால் லட்சக்கணக்கான கைகள் மாற வேண்டும்.

ரூபாய்க்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. இளையவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், நம் வயதுக்காரர்களுக்கு ஆச்சரியம் இல்லை. பழைய கணக்குப் பிள்ளைகளின் பேரேட்டில் ௹ என்று ஒன்று போடுவார்கள். ‘ரூ’வைச் சுழித்து இழுத்தது. அதைப் போலவே நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. பற்றுக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று. நான் பணியில் சேர்ந்தபோது பழைய கிராமக் கணக்குகளில் இவற்றைப் பார்த்திருக்கிறேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு வந்தவன் என்பதால் எனக்கு இவை சித்திர எழுத்துப் போல இருந்தன. பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். “மேற்படி மேற்படின்னு எழுதினா கை வலிக்கும், இதைப் போடுங்க தம்பி” என்பார். இவற்றை வரைந்தவன் யார்? தெரியாது. எத்தனையோ கணக்குப் பிள்ளைகள் அவசரத்தில் இழுத்து இழுத்து உருவானவை. 2003-இல் இவை எல்லாம் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. அதாவது, உதயகுமாரின் குறியீட்டுக்கு ஏழு வருடம் முன்பே தமிழ் ரூபாய்க் குறிக்குக் கணினியில் இடம் கிடைத்துவிட்டது. நாம்தான் அதை எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

எங்கள் காலத்தில் பட்டியல் எழுதும்போது ‘ரூ.1,250/-’ என்று போட்டு, பக்கத்தில் ‘ரூபாய் ஆயிரத்து இருநூற்று ஐம்பது மட்டும்’ என்று எழுத வேண்டும். கடைசியில் வரும் அந்தச் சாய்கோடும் சிறு கோடும் எங்கிருந்து வந்தன தெரியுமா? வெள்ளைக்காரன் ஷில்லிங் கணக்கு எழுதிய வழக்கம் அது. ஐந்து ஷில்லிங், பென்ஸ் இல்லை என்பதை அப்படிக் காட்டுவான். ஷில்லிங் போய்விட்டது, இங்கிலாந்திலேயே 1971-இல் போய்விட்டது. நம் ஊர் ரசீதில் இன்னும் கோடு நிற்கிறது. யாரும் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்குத் தோதாக இருப்பதால் நிற்கிறது. பாண்டிச்சேரிப் பள்ளியில் நாங்கள் பிராங்கு கணக்குப் போடும்போது எண்ணை முதலில் எழுதி அதன்பின் ஒரு எழுத்தைப் போடுவோம். இங்கே வந்து ‘ரூ’வை முன்னால் போடக் கற்றேன். அதற்கும் முந்தைய தலைமுறைக்குப் பாண்டிச்சேரியில் ரூபாய் உண்டு, ஆனால் ரூபாய்க்கு எட்டுப் பணம் என்ற கணக்கு. நோட்டை வெளியிட்டது இந்தோசீன வங்கி என்ற பிரெஞ்சு வங்கி. பணத்தை எழுதும் முறை ஊருக்கு ஊர், ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அதில் புனிதம் எதுவும் இல்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 13-ஆம் தேதி, மறுநாள் தாக்கலாக இருந்த தமிழ்நாடு நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையை முதலமைச்சர் வெளியிட்டார். முந்தைய ஆண்டுகளில் அதில் உதயகுமாரின் குறியீடு இருந்தது. இம்முறை ‘ரூ’ என்ற தமிழ் எழுத்து. உடனே டெல்லி வரை புகைந்தது. தேசியச் சின்னத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று மத்திய நிதி அமைச்சர் கண்டித்தார். அதை வரைந்தவரே ரிஷிவந்தியத்தின் முன்னாள் திமுக சட்டமன்ற உறுப்பினர் மகன்தான் என்று பாஜக தரப்பில் எடுத்துக் காட்டினார்கள். இந்தப் பக்கம் தமிழ் வென்றது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆவணத்தில் ‘ரூ’ என்று எழுதுவது புதிதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் நான் அதைத்தான் எழுதினேன். கருவூலத்தில் ஒருநாளும் அதற்காகப் பட்டியல் திரும்பி வந்ததில்லை. ரிசர்வ் வங்கியின் நோட்டிலேயே பின்பக்கம் மொழிப் பட்டியலில் தமிழில் ‘ரூபாய்’ என்று இருக்கிறது. அதனால் நாடு உடைந்துவிட்டது என்பது மிகை. அதே மாதிரி, இந்திக் குறியீட்டை விரட்டிவிட்டோம் என்று குதித்ததும் சரியில்லை. அந்தக் குறியீட்டில் தலைக்கோடு தேவநாகரியுடையது, உண்மை. தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடு கிடையாது. ஆனால் அதை வரைந்தவர் தமிழ் எழுத்தை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு உழைத்தவர். நம் எழுத்தை அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சத்தம் போட்ட இரண்டு பக்கமும் அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய அப்பாவைப் பற்றித்தான் பேசினார்கள்.

மகன் போட்ட கோட்டை அப்பாவின் கட்சிக் கரையை வைத்து எடைபோடுவது எந்த ஊர் நியாயம்? அவர் படித்தார், போட்டியில் கலந்துகொண்டார், பெயர் பெரிதாக இல்லாத ஒரு மாணவராக ஜெயித்தார். பத்திரிகைக்காரர்கள் அவரிடம் கேட்டபோது, மாற்றுவது அரசாங்கத்தின் விருப்பம் என்ற பொருளில் அடக்கமாகப் பதில் சொல்லி முடித்துக்கொண்டார். யாரையும் குறை கூறவில்லை. தாம் வரைந்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவும் இல்லை. அந்தச் சச்சரவில் எனக்கு மரியாதை தோன்றியது அவர் ஒருவர் மேல்தான்.

பள்ளியில் நான் படித்த காலத்தில் பிரான்சு இராணுவத்தில் இருந்த உறவினர்களிடமிருந்து கடிதம் வரும். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துச் சேர்ப்போம். அந்தத் தபால்தலைகளின் அடி ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் இருக்கும். பிராங்கு நாணயத்தில் விதை தூவிக்கொண்டு நடக்கும் பெண் ஒருத்தி உண்டு. ஒஸ்கார் ரொத்தி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. நாணயத்திலேயே அவர் பெயர் சின்னதாக இருக்கும். குடியரசுத் தலைவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், அந்தப் பெயர் நின்றது. யூரோ வந்த பிறகும் பிரான்சின் பத்து, இருபது, ஐம்பது சென்ட் நாணயங்களில் 2024-இல் வடிவம் மாறும்வரை அதே பெண் நடந்தாள். நம் நோட்டில் ஆளுநர் கையெழுத்து இருக்கிறது. அது சட்டத்துக்கு வேண்டியது, இருக்கட்டும். குறியீட்டை வரைந்தவர் பெயர் நோட்டில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது எல்லா மாநிலப் பிள்ளைகளுக்கும் இருக்கலாம் அல்லவா?

அவர் மட்டும் அல்ல. நாம் மாதம் பிறந்தால் வரிசையில் நிற்கும் ஸ்டேட் வங்கியின் நீல வட்டமும் சாவித்துவாரமும் யார் போட்டது? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத். 1971-இல் வந்தது. அதற்கு முன் அந்த வங்கிக்கு ஆலமரம் சின்னமாக இருந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக நாம் பாஸ்புத்தகத்தில் தடவிக்கொண்டிருக்கும் படத்துக்குச் சொந்தக்காரர் பெயரை இன்றுதான் பலர் கேள்விப்படுகிறீர்கள். அந்த நிறுவனம் பிறந்த கதையும் சுவையானது. ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இந்திய அரசு அழைத்து அறிக்கை கேட்டது. 1958-இல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் இந்தியாவில் தாங்கள் கண்டதிலேயே மிக அழகான பொருள் என்று வியந்தது எதை? நம் வீட்டுச் சொம்பை. 1961-இல் நிறுவனம் வந்தது.

வெளிநாட்டில் மட்டும் இவர்களுக்கு எப்போதும் பெருமை என்று நினைக்க வேண்டாம். நைக்கி செருப்புக் கம்பெனியின் அந்த ஒற்றைச் சுழியை வரைந்த கேரலின் டேவிட்சன் அப்போது மாணவி. 1971-இல் அவருக்குக் கிடைத்தது 35 டாலர். பல வருடம் கழித்துக் கம்பெனி அவருக்குப் பங்குகளைக் கொடுத்தது. ஐபிஎம் சின்னத்தைச் செய்த பால் ராண்ட், பிற்காலத்தில் நெக்ஸ்ட் என்ற கணினிக் கம்பெனிக்கு ஒரே ஒரு சின்னம் வரைந்து லட்சம் டாலர் வாங்கினார். ஒரே மாதிரி வேலைதான். 35-க்கும் லட்சத்துக்கும் இடையில் இருப்பது கையின் திறமை மட்டும் அல்ல, கேட்கத் தெரிந்த வாயும்தான். நம் பிள்ளைகளுக்கு முன்னது இருக்கிறது, பின்னதை நாம் வளர்ப்பதில்லை.

இதெல்லாம் வெறும் வரலாறாக இருந்தால் இத்தனை நீளம் எழுதமாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். சுவர் எழுத்து, கோலம், பஸ் பின்னால் எழுதியிருக்கும் பெயர் என்று எதைப் பார்த்தாலும் நோட்டில் வரைந்துகொள்வான். வடிவமைப்பு படிக்க வேண்டும் என்கிறான். மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறதாம், அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். அவனுடைய தாத்தா என்னோடு வேலை பார்த்தவர். ஆலோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார்.

“படம் போடறதுக்கு ஐஐடியா சார்? பிளெக்ஸ் பேனர் கடையில போய் நின்னா ஆறே மாசத்துல கத்துக்குவான்” என்றார்.

நான் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்து, உதயகுமார் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நாணயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நூறு பேர்ல ஒருத்தனுக்கு அப்படி அமையும் சார். மத்த தொண்ணூத்தொன்பது பேர் என்ன பண்றான்?”

நியாயமான கேள்வி. ஓய்வூதியத்தில் வீட்டை நடத்துகிறவர் கேட்கிற கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மற்றவர்கள் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் பதில். மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் எழுத்து, செல்போன் திரையில் நாம் தொடும் பொத்தான், ரயில் டிக்கெட்டில் பெட்டி எண் எங்கே இருக்க வேண்டும் என்ற முடிவு, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்குகிறார். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று நம் வயதில் நமக்குத்தான் நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல் பேரனைக் கூப்பிடுகிறோம் அல்லவா, அது ஒரு வடிவமைப்பாளரை வைத்துக்கொள்ளாத கம்பெனியின் வேலை. பொறியியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளும் நம் தெருவில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கையும் போடுங்கள் என்றேன். அனுப்புங்கள், தேர்வு எழுதட்டும், கிடைக்காவிட்டால் கலைக் கல்லூரி எங்கும் ஓடிவிடாது என்றும் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

பையன் மறுநாள் தானாகவே வந்தான். தாத்தா என்ன முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் இருந்த ஒரு பழைய கணக்குத் தாளைக் காட்டினேன். அதில் ‘௹’ இருந்த இடத்தில் விரலை வைத்து, “இது என்ன தாத்தா?” என்றான். சொன்னேன். ‘௸’ எது, ‘௵’ எது என்றும் சொன்னேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தான். பேனா எந்தப் பக்கம் தொடங்கியிருக்கும், கை எங்கே தூக்கியிருக்கும் என்று என்னைக் கேட்டான். முப்பது வருடம் பேனா பிடித்த நான் அதை யோசித்ததே இல்லை. இருவரும் சேர்ந்து இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம். கீழிருந்து தொடங்கினால் சுழி சரியாக வருகிறது என்கிறான். எனக்கு மேலிருந்துதான் என்று தோன்றுகிறது.